லேயர் ஏழு

நாகலூரிலிருந்து லூர்து செல்வி அனுப்பிய படம்
வாட்ஸ்அப் பிழிந்ததில் சக்கையாக வந்து சேர்ந்தது.
ஏற்காடு ஏரி, படகுத்துறை, மஞ்சள் சேலை,
வெயிலுக்குச் சுருக்கிய கண்.
இடது தோளில் ஒரு கை.
கைக்கு உரியவர்
படத்தின் ஓரத்தோடு முன்பே வெட்டப்பட்டிருந்தார்.

'பெயின்டிங் மாதிரி வரணும்.
ஹால்ல மாட்டணும்.
கையை மட்டும் எடுத்துடுங்க.'
குரல் செய்தியில் அவ்வளவுதான்.
பின்னால் குக்கர் ஒருமுறை விசிலடித்தது.

செவ்வாய்ப்பேட்டையில் என் அறைக்குக் கீழே
கொலுசுப் பட்டறை.
மெருகு போடும் மோட்டார் ஓடினால்
மேஜை நடுங்கும், என் கோடும் நடுங்கும்.
நுணுக்க வேலையெல்லாம்
அவர்கள் சாப்பிடப் போகும் ஒரு மணிக்குத்தான்.

நானூறு சதவீதம் பெரிதாக்கினால்
முகம் என்று ஒன்று இல்லை.
காவி, சாம்பல், எங்கிருந்தோ ஒரு பச்சை,
சதுரம் சதுரமாக.
பச்சை ஏரியுடையது. கன்னத்தில் ஏறியிருந்தது.
அதை அழிக்க மனமில்லாமல்
தாடைவரை தூரிகையால் இழுத்துவிட்டேன்.

கையை வெட்டித் தனி லேயரில் வைத்தேன். ஏழாவது.
எடுப்பதற்கு முன் பார்க்கத்தானே வேண்டும்:
புறங்கையில் நரம்பு,
மூன்றே முக்காலைக் காட்டும் வாட்ச்,
நடுவிரல் நகத்தில் ரத்தம் கட்டிய கறுப்பு.
கதவிடுக்கோ, சுத்தியலோ, பைக் செயினோ.
அழுத்தவில்லை அந்தக் கை. அணைக்கவுமில்லை.
பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பிமேல் கிடப்பது போல
சும்மா கிடந்தது.
லேயரின் கண்ணைச் சொடுக்கினேன்.
போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை, இருபது கொண்டை ஊசி இறங்கி
அவரே வந்தார்,
குமட்டலுக்கு வாயில் எலுமிச்சை மிட்டாயோடு.
திரையை வெகுநேரம் பார்த்தார்.
'தோள் சாஞ்சிருக்கே.'
'கை இருந்த பக்கம்ங்க.'
'நேராக்க முடியுமா?'

முடியும். நாலு டிகிரி.
தோள் நிமிர்ந்ததும் தோடு அந்தரத்தில் நின்றது.
தோட்டை மாற்றினால் கழுத்து.
கழுத்தை மாற்றினால் தாடை.
தாடையும் மாறிய பிறகு
அந்தச் சிரிப்புக்குக் காரணமே இல்லை.

'ஆதார் கார்டு மாதிரி ஆயிட்டேன்' என்றார்.
மிட்டாயை மறு கன்னத்துக்குத் தள்ளி,
'பழசே இருக்கட்டும்.
சாஞ்சா சாஞ்சுட்டுப் போவுது.'

பாக்கி அறுநூறு ஜிபேயில் வந்தது.
மறுவாரம் படம் மலையேறியது,
மிளகு மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய ஜீப்பில்.

ஏழாவது லேயரை நான் அழிக்கவில்லை.
மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தை பிறந்ததும் குகையிலிருந்து ஓர் ஆர்டர்.
கோகிலவாணி, மணக்கோலம்.
அப்பா அங்கமுத்து போய் மூன்று வருடம்.
பக்கத்தில் நிற்கவைக்க வேண்டும்,
தோளில் கை போட்டபடி.
கொடுத்ததோ பாஸ்போர்ட் சைஸ்.
முகம் உண்டு, காலர் உண்டு,
அதற்குக் கீழே அவர் இல்லை.

உடம்பு சுலபம், வெள்ளைச் சட்டை போதும்.
கைதான் வரவில்லை.
மூன்று இரவு வரைந்தேன்,
மூன்றும் ஜவுளிக்கடை பொம்மையின் கை.
நாலாம் நாள் பழைய ஃபைலுக்குப் போய்
ஏழாவதின் கண்ணைத் திறந்தேன்.

வாட்ச்சைக் கழற்றினேன். தோலைக் கொஞ்சம் கறுக்கவிட்டேன்.
கோகிலவாணியின் தோளை
நாலு டிகிரி சாய்த்தேன்.
பட்டுச் சேலைமேல் அது
வழக்கமான இடத்தில் உட்காருவது போல உட்கார்ந்தது.

வாங்க நாலு பேர் வந்தார்கள்.
அம்மா முகத்தைப் பார்த்து அழுதார்.
சித்தப்பா விலையைக் குறைக்கச் சொன்னார்.
பெண் அழவில்லை. குனிந்து
நடுவிரலைத் தொட்டாள்.

நகம்.
நகத்தை மாற்றாமல் விட்டிருந்தேன்.

'இது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்றாள்.

கீழே மோட்டார் ஓடத் தொடங்கியது.
மேஜை நடுங்கியது.
அந்தச் சத்தத்தில் ஏதோ பதில் சொல்வதுபோல
வாயை மட்டும் அசைத்தேன்.
அவள் தலையாட்டினாள்.